அத்தியாயம் 7: பதினாறு சட்டங்களில் தாம்பரம்

மைன்கிராஃப்ட் சுவரில் படம் மாட்டுவது பழைய பழக்கம்தான். ஐட்டம் ஃப்ரேம் என்ற சட்டம் ஒன்றைச் சுவரில் அடித்து அதில் மேப்பை வைத்தால், அது ஒரு பிளாக்கை முழுதாக நிரப்பிக்கொள்ளும். பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனால், இடையில் கோடு தெரியாத பெரிய படம் கிடைக்கும். நடிகர் முகம், கிரிக்கெட் அணிச் சின்னம், வீட்டுப் பூனை எல்லாம் இப்படித்தான் சர்வர்களில் சுவரேறுகின்றன. இமேஜ்ஆன்மேப் போன்ற பிளகின்களும் மேப்பார்ட்கிராஃப்ட் போன்ற இணையக் கருவிகளும் இதற்கென்றே இருக்கின்றன. படத்தைக் கொடுத்தால் வேலையை முடித்துத் தந்துவிடும்.

நம் ஊர் வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி. ஜி.எஸ்.டி. சாலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று புரியாது. சேலையூர் ஏரியின் கரை சாம்பலும் பச்சையுமாகப் புள்ளி புள்ளியாய்ச் சிதறும். ஊர்ப் பெயர்கள் எறும்பு ஊர்ந்த தடமாகிவிடும். கருவியின் மேல் குற்றமில்லை. முகத்துக்கும் பூனைக்கும் செய்யப்பட்டதை வரைபடத்துக்குப் பயன்படுத்தினால் அப்படித்தான் ஆகும். புகைப்படத்தில் ஒரு பிக்சல் பிசகினால் கண் மன்னித்துவிடும்; தெருவில் ஒரு பிக்சல் பிசகினால் தெரு அறுந்துபோகும்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் செய்யப்போகும் கருவி, எந்தப் படத்தையும் சுருக்காது. சாலை, ரயில், ஏரி ஆகியவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகைத் தகவலை எடுத்து, விளையாட்டு எந்த அளவில் காட்டுமோ அதே அளவில், விளையாட்டுக்குத் தெரிந்த நிறங்களை மட்டும் கொண்டு நேராக வரையும். பைதானும் பில்லோ, என்பிடிலிப் என்ற இரண்டு நூலகங்களும் போதும். ஜாவா பதிப்பு 1.20.5 முதல் 1.21 வரையிலானவற்றை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். கைபேசியில் ஓடும் பெட்ராக் பதிப்பு மேப்புகளை லெவல்டிபி என்ற வேறொரு அமைப்பில் சேமிப்பதால், கோப்பாக்கும் பகுதி அதற்குப் பொருந்தாது. வரையும் பகுதி பொருந்தும்.

சட்டம் எத்தனை, மையம் எங்கே

ஒரு மேப் 128க்கு 128 பிக்சல். இதை மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது, ஒரு பிக்சல் தரையில் எத்தனை மீட்டர் என்பதும் எத்தனை மேப் என்பதும்தான். பிக்சலுக்கு 20 மீட்டர் வைத்துக்கொண்டால் ஒரு மேப் 2.56 கிலோமீட்டரைப் பிடிக்கும். நாலுக்கு நாலு என்று 16 மேப்புகள் அடுக்கினால் 512 பிக்சல் சதுரம், தரையில் 10.24 கிலோமீட்டர். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை அதற்குள் அடங்கும். பிக்சலுக்கு 10 மீட்டர் என்றால் தெருக்கள் நன்றாக வரும், ஆனால் அதே பரப்புக்கு 64 சட்டங்கள் வேண்டும். முதல் முயற்சிக்கு 16 போதும்.

தாம்பரம் ரயில் நிலையம் ஏறக்குறைய வடக்கு 12.9255, கிழக்கு 80.119இல் இருக்கிறது. அதையே மையமாக வைக்கத்தான் கை போகும். வைத்தால் நிலையம் நடு நான்கு மேப்புகளும் கூடும் முனையில் விழும். சுவரில் மாட்டும்போது இது தெரியாது. யாராவது ஒரு மேப்பை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தால் நிலையம் நான்காகக் கிழிந்திருக்கும். போதாததற்கு மேற்கே முடிச்சூர் ஓரத்தில் அறுபடும். மையத்தைச் சற்றே மேற்கும் வடக்குமாகத் தள்ளி 12.930, 80.110 என்று வையுங்கள். இப்போது நான்கு எல்லைகளும் இவை: தெற்கு 12.8837, மேற்கு 80.0628, வடக்கு 12.9763, கிழக்கு 80.1572. கிழக்கே செம்பாக்கம் பக்கம் கொஞ்சம் குறையும், மேடவாக்கம் வெளியே நிற்கும், தெற்கே வண்டலூர் உயிரியல் பூங்கா அடிபடும். எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். நான் பூங்காவை விட்டேன், நீங்கள் பல்லாவரத்தை விட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

அட்சரேகையைப் பிக்சலாக்குவது வெறும் பெருக்கல்தான். நம் ஊர் இருக்கும் இடத்தில் அட்சரேகையின் ஒரு பாகை சுமார் 110.6 கிலோமீட்டர், தீர்க்கரேகையின் ஒரு பாகை சுமார் 108.5 கிலோமீட்டர். 20 மீட்டரால் வகுத்தால் 5530, 5425 என்று வரும். ஓர் இடத்தின் தீர்க்கரேகையிலிருந்து மேற்கு எல்லையைக் கழித்து 5425ஆல் பெருக்கினால் இடமிருந்து எத்தனையாவது பிக்சல் என்பது கிடைக்கும். வடக்கு எல்லையிலிருந்து அந்த இடத்தின் அட்சரேகையைக் கழித்து 5530ஆல் பெருக்கினால் மேலிருந்து எத்தனையாவது என்பது கிடைக்கும். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்க்கேட்டர் முறை இங்கே தேவையே இல்லை. அது சென்னையில் தூரத்தை இரண்டரை சதவீதம் அளவுக்குத்தான் பெரிதாக்கிக் காட்டும் என்றாலும், இல்லாத சிக்கலை எதற்கு வரவழைப்பது? 2014இல் டென்மார்க் அரசின் நில அளவைத் துறை தன் நாடு முழுவதையும் ஒன்றுக்கு ஒன்று அளவில் மைன்கிராஃப்ட் உலகமாக வெளியிட்டது. (ஆட வந்தவர்கள் அதில் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்தது தனிக்கதை.) அவ்வளவு வடக்கே இருக்கும் நாட்டில் இந்த முறைகளுக்கு இடையிலான வித்தியாசம் பெரிது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதில் நமக்குக் கிடைக்கும் சில சௌகரியங்களில் இது ஒன்று.

தகவலை எடுப்பது

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான் நமக்கு ஊற்று. கூகுள் வரைபடத்தை நகலெடுத்து வரைவதற்கு அதன் விதிமுறை இடம் கொடுக்காது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தகவலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆதாரம் இன்னது என்று சொல்ல வேண்டும்; மாற்றிய தகவல்தொகுப்பைப் பகிர்ந்தால் அதே உரிமத்தில் பகிர வேண்டும். ஆனால் அதன் இணையதளத்தில் தெரியும் படத் துண்டுகளை மொத்தமாக இறக்காதீர்கள். அதற்குத் தடை உண்டு, நமக்கு அது வேண்டியதுமில்லை. ஓவர்பாஸ் டர்போ என்ற பக்கத்தில் மேலே சொன்ன எல்லைகளைத் தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு என்ற வரிசையிலேயே கொடுத்து, சாலை, ரயில் பாதை, நீர்நிலை, காடு ஆகியவற்றைக் கேட்டு, ஜியோஜேசன் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள்.

ஜியோஜேசன் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய ஏரியோ காடோ ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரே கோடாக இருக்காது. பல துண்டுக் கோடுகளை ‘ரிலேஷன்’ என்ற பெயரில் கோத்து வைத்திருப்பார்கள். மூலத் தகவலை அப்படியே எடுத்துக் கோடுகளை மட்டும் படிக்கும் நிரல், சின்னக் குட்டைகளை எல்லாம் ஒழுங்காக வரைந்துவிட்டுப் பெரிய ஏரியை விட்டுவிடும். ஜியோஜேசனாக்கும்போது அந்தத் துண்டுகள் இணைந்து முழு வடிவமாக வந்துவிடும். ஏரி நடுவே திட்டு இருந்தால் அது உள்வளையமாக வரும். முதலில் ஏரியை நீலத்தில் நிரப்பிவிட்டு, உள்வளையத்தைத் தரை நிறத்தில் நிரப்புங்கள்.

பிக்சலின் எண்ணே நிறம்

கருவியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மேப்புக்குத் தெரிந்தவை 61 அடிநிறங்கள், ஒவ்வொன்றுக்கும் 4 சாயல்கள், ஆக 244 நிறங்கள். ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு பைட். அடிநிறத்தின் எண்ணை 4ஆல் பெருக்கிச் சாயலின் எண்ணைக் கூட்டினால் அந்த பைட் வந்துவிடும். சாயல் 2 என்றால் முழு வெளிச்சம். 1 என்றால் 255க்கு 220 பங்கு. 0 என்றால் 180. 3 என்றால் 135, அதாவது இருப்பதிலேயே கருத்தது.

வழக்கமான கருவிகள் முதலில் பல லட்சம் நிறங்களில் படம் வரைந்து, பிறகு ஒவ்வொரு பிக்சலுக்கும் அந்த 244இல் அருகிலிருப்பது எது என்று தேடும். புகைப்படத்துக்கு அது சரி. தேடும்போது மிஞ்சும் பிழையைப் பக்கத்துப் பிக்சல்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஃபிளாய்ட்-ஸ்டைன்பெர்க் முறையும் அங்கே நல்ல பலன் தரும். நம் வரைபடத்திலோ மொத்தமே ஏழெட்டு நிறங்கள். தேடுவானேன்? பில்லோவில் ‘எல்’ வகைப் படம், அதாவது ஒரு பிக்சலுக்கு ஒரு பைட் உள்ள சாம்பல் நிறப் படம், 512க்கு 512 அளவில் திறந்து, மேப்பின் பைட் எண்ணையே நிறமாகக் கொடுத்து வரைந்துவிடலாம். கண்ணுக்கு அது ஏதோ மங்கிய சாம்பல் படமாகத் தெரியும். விளையாட்டுக்குள் போனதும் தாம்பரமாகிவிடும்.

எண்களை இப்படி வைக்கலாம். தரைக்கு மணலின் மங்கல் சாயல், 8. நீருக்கு 50. காட்டுக்கும் கிறித்தவக் கல்லூரி வளாகத்துக்கும் செடிப் பச்சையின் மங்கல், 28. ரயிலுக்குக் கறுப்பு, 118. சாலைகளுக்குப் பனி வெள்ளை, 34. ஜி.எஸ்.டி. சாலைக்கு மட்டும் சிவப்பு, 18. தரைக்கு மணலின் பளிச்சென்ற சாயலைக் (10) கொடுத்தால் வெள்ளைச் சாலைகள் அதில் கரைந்துவிடும், அதனால்தான் 8. விமானப்படைத் தளத்தை 24ஆல் ஒரே சாம்பல் பூச்சாகப் பூசிவிடுங்கள், ஓடுபாதை முதலான உள்விவரங்கள் வேண்டாம். விளையாட்டுச் சுவருக்கு அது தேவையுமில்லை.

வரையும் வரிசை: தரை, பச்சை, நீர், சாம்பல், சிறு சாலை, பெரிய சாலை, ரயில், கடைசியில் பெயர். பின்னால் வருவது முன்னால் வந்ததை மூடும் என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

அகலத்தில் கொஞ்சம் பொய் சொல்லியாக வேண்டும். பிக்சலுக்கு 20 மீட்டர் என்றால் சேலையூர் தெரு ஒன்று அரைப் பிக்சல்கூட வராது. எல்லாத் தெருவையும் ஒரு பிக்சலில் போட்டால் கிழக்குத் தாம்பரம் முழுக்க வெள்ளைச் சல்லடையாகிவிடும். குடியிருப்புத் தெருக்களை முழுவதுமாக விட்டுவிடுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் டிரங்க், பிரைமரி, செகண்டரி, டெர்ஷியரி என்று குறித்தவற்றை மட்டும் எடுங்கள். வேளச்சேரி சாலை, முடிச்சூர் சாலை போன்றவற்றுக்கு 2 பிக்சல், ஜி.எஸ்.டி.க்கு 3. அடையாறு இந்தப் பக்கத்தில் ஒல்லியாகத்தான் ஓடும். அதையும் 2 பிக்சலாகத் தடிமனாக்குங்கள். இல்லையென்றால் சுவரிலிருந்து நாலு பிளாக் தள்ளி நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது.

தமிழில் பெயர் எழுதுதல்

இந்தக் கருவியில் அதிக நேரம் பிடிக்கிற வேலை இதுதான். ஆங்கில வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

முதல் தொல்லை எழுத்து வரிசை. பில்லோ தன் அடிப்படை முறையில் எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிடும். செம்பாக்கம் என்று கொடுத்தால் முதலில் ‘ச’, அதற்குப் பின்னால் கொம்பு என்று வந்து நிற்கும். சேலையூரில் இரட்டைக்கொம்பும் ஐகாரமும் இரண்டுமே இடம் மாறிவிடும். இதைச் சரிசெய்வது ராக்ம் என்ற நூலகம். உங்கள் பில்லோவில் அது இயங்குகிறதா என்று அதன் ஃபீச்சர்ஸ் பகுதியிடம் கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லிவிடும். விண்டோஸில் பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். ஃப்ரைபிடி என்ற டி.எல்.எல். கோப்பைத் தனியாக வைத்தால் ஆம் ஆகும். லினக்ஸில் ஃப்ரைபிடியை வழக்கமான முறையில் நிறுவினால் போதும்.

இரண்டாவது தொல்லை சுவாரசியமானது. எழுத்தின் ஓரம் கண்ணுக்கு மென்மையாகத் தெரிவதற்காக, பில்லோ தானாகவே எழுத்து நிறத்துக்கும் தரை நிறத்துக்கும் இடைப்பட்ட நிறங்களை ஓரத்தில் பூசும். சாதாரணப் படத்தில் அது அழகு. நம் படத்திலோ எண்கள் நிறங்களல்ல, நிறங்களின் முகவரிகள். தரை 8, எழுத்து 118 என்றால் நடுவில் 63 விழும். மேப்பில் அது ஆரஞ்சின் கருத்த சாயல். 50 விழுந்த இடம் நீலம், 18 விழுந்த இடம் சிவப்பு. தாம்பரம் என்ற பெயரைச் சுற்றி ஹோலிப் பொடி தூவியது போலிருக்கும். வரையும் பொருளின் ஃபான்ட்மோடை 1 என்று வைத்தால் ஓரப் பூச்சு நின்றுவிடும். ஒரு பிக்சல் ஒன்று எழுத்து, இல்லையேல் தரை.

ஓரப் பூச்சு நின்றதும் மூன்றாவது தொல்லை தலைகாட்டும். சிறிய அளவில் புள்ளி மறைந்து ‘தாமபரம’ ஆகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை 14 பிக்சலுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். தடித்த எழுத்தைத் தேர்ந்தால் புள்ளி நிற்கும், ஆனால் சுழிகள் அடைபடும். நடுத்தரத் தடிமன் எனக்குப் பிடித்திருக்கிறது. எழுத்தை முதலில் தரை நிறத்தில் எட்டுத் திசையிலும் ஒரு பிக்சல் தள்ளித் தள்ளி வரைந்துவிட்டு, அதன்மேல் கறுப்பில் வரைந்தால், சாலைக்கு மேல் விழுந்தாலும் பெயர் படிக்கும்படி இருக்கும்.

14 பிக்சல் எழுத்தில் பத்துப் பதினைந்து பெயருக்குமேல் இடம் கிடையாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயருக்கென்று தனி டேக் உண்டு; எல்லா இடத்துக்கும் நிரப்பப்பட்டிருக்காது. பேசாமல் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை என்று மூன்று பத்திகளில் ஒரு சிஎஸ்வி கோப்பைக் கையாலேயே எழுதிவிடுங்கள். பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர் என்று மின்ரயில் வழியில் ஐந்து. திருநீர்மலை, சிட்லபாக்கம், முடிச்சூர், ராஜகீழ்பாக்கம் என்று சில. சேலையூர் பக்கத்தில் ‘கேம்ப் ரோடு’ என்றே போடுங்கள். ஷேர் ஆட்டோக்காரர் கூவும் பெயரைவிட நல்ல பெயர் வரைபடத்துக்குக் கிடையாது.

கோப்பாக்குதல்

உலகத்தின் ஃபோல்டருக்குள் டேட்டா என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு மேப்பும் அதில் தன் எண்ணோடு தனித்தனி டாட் கோப்பாக, ஜிசிப் முறையில் சுருக்கிய என்பிடி வடிவில் இருக்கும். அதைப் புதிதாக எழுத முனையாதீர்கள். விளையாட்டுக்குள் ஒரு வெற்று மேப்பைத் திறந்து, வெளியே வந்து, அப்படி உருவான கோப்பையே அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பு எண், பரிமாணத்தின் பெயர் எல்லாம் உங்கள் விளையாட்டுக்கு ஏற்றபடி அதில் தயாராக இருக்கும். நீங்கள் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். ‘கலர்ஸ்’ என்ற 16384 பைட் வரிசையில் நம் படத்தின் துண்டு. ‘லாக்ட்’ 1. ‘ட்ராக்கிங்பொசிஷன்’ 0. மையத்தின் இரண்டு எண்களும் யாரும் நடந்து போகாத தூரத்துக்கு. லாக்ட் போடாமல் விட்டால், அந்த மேப்பை யாராவது கையில் பிடித்துக்கொண்டு அதன் பரப்புக்குள் நடக்கும்போது உங்கள் தாம்பரத்தின்மேல் விளையாட்டின் புல்வெளி படர ஆரம்பிக்கும்.

மேப்புகளின் எண்ணை 500இலிருந்து தொடங்குங்கள். மேல் வரிசையில் இடமிருந்து 500, 501, 502, 503, அடுத்த வரிசை 504இலிருந்து, கடைசி 515. அதே டேட்டா ஃபோல்டரில் ஐடிகவுண்ட்ஸ் என்ற கோப்பில் கடைசி மேப் எண் இருக்கும். அதை 515 ஆக்குங்கள். மறந்தால் ஒன்றும் உடனே ஆகாது. என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் புது மேப் திறக்கும்போது எண்ணிக்கை 500ஐத் தொட்டு, படத்தின் வடமேற்கு மூலை இருந்த இடத்தில் அவர் வீட்டுத் தோட்டம் வந்து உட்காரும். உங்கள் உலகில் ஏற்கெனவே 500 மேப்புகளுக்கு மேல் இருந்தால் இன்னும் மேலே ஓர் எண்ணில் தொடங்குங்கள்.

இன்னொரு பொறி: விளையாட்டு பைட்டை 127 வரைதான் நேரெண்ணாகப் படிக்கும். நாம் தேர்ந்த எண்கள் எல்லாம் அதற்குள் இருப்பதால் இப்போது சிக்கலில்லை. பின்னால் 32ஆம் அடிநிறத்தையோ அதற்கு மேற்பட்டதையோ சேர்த்தால், 127க்கு மேல் வரும் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 256ஐக் கழித்து எழுதுங்கள்.

எழுதியது சரிதானா என்று பார்க்க விளையாட்டைத் திறக்கத் தேவையில்லை. தாம்பரம் நிலையம் முழுப் படத்தில் இடமிருந்து ஏறக்குறைய 305, மேலிருந்து 281 என்ற இடத்தில் விழுகிறது. 128ஆல் வகுத்தால் மூன்றாம் வரிசை, மூன்றாம் சட்டம்; அதாவது 510ஆம் மேப். மீதி 49, 25. வரிசையில் அதன் இடம் 25 பெருக்கல் 128 கூட்டல் 49, அதாவது 3249. அந்த இடத்திலோ அதன் அக்கம்பக்கத்திலோ 118 இருந்தால் ரயில் பாதை சரியாக விழுந்திருக்கிறது. அங்கே 8 மட்டுமே தெரிந்து, படத்தில் எங்குமே ரயில் பாதை இல்லாவிட்டால், அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிக் கொடுத்திருப்பீர்கள். ஜியோஜேசனில் தீர்க்கரேகைதான் முதலில் வரும்.

மாட்டுதல், மழைக்கு இன்னொரு அடுக்கு

கோப்புகளை வைக்கும்போது உலகம் மூடியிருக்க வேண்டும். சர்வரானால் நிறுத்திவிட்டு வையுங்கள். ஓடும்போது வைத்தால், நினைவில் இருக்கும் பழைய மேப்பை விளையாட்டு உங்கள் கோப்பின்மேல் எழுதிவிடக்கூடும். உலகத்தின் நகல் ஒன்றை எடுத்து வைக்காமல் இந்தப் பக்கமே வராதீர்கள். பிறகு உள்ளே நுழைந்து, கிவ் கட்டளையில் மேப் ஐடி 500 முதல் 515 வரை ஒவ்வொன்றாகப் பெற்றுச் சட்டங்களில் வைக்க வேண்டியதுதான். சதுர அடைப்புக்குள் எண் கொடுக்கும் முறை 1.20.5இல் வந்தது. பழைய பதிப்புகளில் நெளி அடைப்பு.

ஒரு படத்தோடு நிறுத்த வேண்டாம் என்பது என் யோசனை. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. அப்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர் அருண் கணேஷ், அதையே அடித்தளமாகக் கொண்டு, தண்ணீர் நிற்கும் சாலைகளை மக்களே தொட்டுக் குறிக்கும் இணைய வரைபடம் ஒன்றை உருவாக்கினார். ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தனி எண் இருப்பதுதான் அப்படிப்பட்ட வேலைக்கு ஆதாரம். அந்த எண் நம் ஜியோஜேசனிலும் இருக்கிறது. உங்கள் தெருக்காரர்களிடம் கேட்டு, ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நிற்கும் சாலைகளின் எண்களை ஒரு கோப்பில் எழுதுங்கள். அந்தச் சாலைகளை மட்டும் 34க்குப் பதில் 50ஆல் வரையச் சொல்லி, 520 முதல் 535 வரை இரண்டாவது தொகுதி ஒன்றை எடுங்கள், ஐடிகவுண்ட்ஸில் 535. எதிர்ச் சுவரில் அதே அளவில் மாட்டினால், ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே எந்தச் சாலை வாய்க்காலாகிறது என்பது பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

இரண்டு தொகுதியிலும் தென்கிழக்கு மூலையில் ‘தகவல்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று போட வேண்டும். 14 பிக்சல் எழுத்தில் அது இரண்டு சட்டங்கள் வரை நீளும். இடமில்லையென்றால் பக்கத்துச் சுவரில் பலகை வைத்து அதில் எழுதலாம். புதிய மேம்பாலமோ சாலையோ வந்து தகவல் மாறும்போது ஜியோஜேசனை மறுபடி இறக்கி நிரலை ஓட்டுங்கள். எண்கள் அதே 500, 520ஆக இருக்கட்டும். சட்டங்கள் எண்ணைத்தான் நினைவில் வைத்திருக்கின்றன. கோப்பு மாறியதும் சுவரில் படம் தானே மாறிவிடும், ஏணி போட்டு ஏறி ஒன்றைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை.